முள்ளைத் தொடும் முன்: பழைய கார் ஸ்பீடோமீட்டரின் பிழையைத் தேடிப் பிடிப்பது

பழைய காரின் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுகிறது என்றதும் பலரும் கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளிக் குத்திவிடுகிறார்கள். ஒரு வேகத்தில் அது சரியாகத் தெரியும். மற்ற வேகங்களில் பிழை முன்பைவிடக் கூடவும் செய்யலாம். அதைவிடப் பெரிய இழப்பு, முள் முதலில் எங்கே நின்றது என்ற ஒரே தடயமும் அழிந்துபோவது. கோளாறு டயரிலா, கியரிலா, கேபிளிலா, மீட்டருக்குள்ளா என்பதைக் கழற்றாமலே கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஆகும் நேரம் அரை நாள்தான். அந்த அரை நாளைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

இங்கே சொல்வது கேபிளால் இயங்கும் காந்த வகை மீட்டர்களைப் பற்றி. 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற தத்துவம் இது. ஸ்மித்ஸ், வி.டி.ஓ., ஸ்டூவர்ட்-வார்னர் எனப் பெயர்கள் மாறினாலும் உள்ளே இருப்பது அதேதான். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி, தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கிறது. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. ஹேர்ஸ்பிரிங் என்னும் மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஓடிய தூரத்தை எண்ணும் ஓடோமீட்டருக்கு இந்தக் காந்தத்தோடு சம்பந்தமே இல்லை. அது அதே தண்டிலிருந்து புழுக் கியர் வழியாகப் பல்லுக்குப் பல் நேரடியாக ஓடுகிறது. நோய் எங்கே என்று காட்டிக்கொடுப்பது இந்த வேறுபாடுதான்.

ஓடோமீட்டர் சொல்லும் சாட்சி

ஜிபிஎஸ் துணையோடு நேரான சாலையில் சரியாக 10 கி.மீ. ஓட்டி, ஓடோமீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்று கடைசி இலக்கச் சக்கரத்தின் பாதி, கால் வரை கவனித்துக் குறிக்க வேண்டும். மைல் மீட்டர் என்றால் 10 மைல். பிறகு மூன்று வேகங்களில், உதாரணமாக 40, 60, 80 கி.மீ., முள்ளும் ஜிபிஎஸ்ஸும் காட்டுவதை எழுதிக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ் எண் சற்றுப் பின்தங்கித்தான் வரும். அதனால் ஒவ்வொரு வேகத்திலும் அரை நிமிடமாவது ஒரே சீராக ஓட்டியபின் படிக்க வேண்டும். படிப்பதும் எழுதுவதும் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வேலை.

ஓடோமீட்டர் 10-க்கு 10.8 காட்டி, முள்ளும் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாகக் காட்டினால், மீட்டரில் தவறே இல்லை. கேபிள் அதிகமாகச் சுற்றுகிறது. டயர் அளவு மாறியிருக்கும், பின் அச்சின் கியர் விகிதம் மாறியிருக்கும், அல்லது வேறொரு மாடலின் மீட்டரை யாரோ பொருத்தியிருப்பார்கள். ஓடோமீட்டர் சரியாக இருந்து முள் மட்டும் தவறினால், கோளாறு காந்தம், கிண்ணம், ஸ்பிரிங், முள் ஆகிய நான்கில் ஒன்றில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவில் தவறினால் இரண்டு கோளாறுகள். அப்போது முதலில் கியர் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் மீட்டரைத் திறக்க வேண்டும்.

டயலில் இருக்கும் சின்ன எண்

டயலின் அடிப்பகுதியில், படிப்பதற்கே சிரமமான எழுத்தில், ஓர் எண் இருக்கும். ஸ்மித்ஸ் மைல் மீட்டர்களில் 1000, 1280 போன்ற எண். ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை முறை சுற்ற வேண்டும். வி.டி.ஓ. மீட்டர்களில் ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பின் 1.000 அல்லது 0.750 போல இருக்கும். அது ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்று. 1 மைல் 1609 மீட்டர் என்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. மைலுக்கு 1000 என்றால் மீட்டருக்கு 0.621.

இனி கார் எத்தனை சுற்று தருகிறது என்று எண்ண வேண்டும். மீட்டரின் பின்புறக் கேபிள் நட்டைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் அட்டையால் வெட்டிய சின்ன முள் ஒன்றைச் செருக வேண்டும். டயர்களில் சரியான காற்று, கியர் நியூட்ரல். தரையில் 20 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, காரை நேராகத் தள்ளி, அட்டை முள் எத்தனை முறை சுற்றுகிறது என்று கால் சுற்று வரை எண்ண வேண்டும். 0.750 கேட்கும் மீட்டருக்கு 15 சுற்று வந்தால் சரி. மைல் மீட்டருக்கு 52 அடி 10 அங்குலம் வசதியான தூரம். அது மைலில் நூறில் ஒரு பங்கு, ஆகவே 1000 என்ற மீட்டருக்கு 10 சுற்று வர வேண்டும்.

இடம் குறைவாக இருந்தால் பழைய பிரிட்டிஷ் பணிமனைச் சூத்திரம் உதவும். பின் சக்கரம் 6 முறை உருளும்வரை காரைத் தள்ளி, கேபிள் சுற்றை எண்ணி, அதை 1680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரைவரை உள்ள உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் மைலுக்கான சுற்று கிடைக்கும். உயரம் 12 அங்குலம், கேபிள் 7⅛ சுற்று என்றால் விடை 997. 1000 என்ற மீட்டருக்கு இது போதும். இதில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் காரணமாக, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொபெல்லர் தண்டு பாதி சுற்றுதான் சுற்றும். அந்த முறையில் எண்ணுவதானால் சக்கரத்தை 12 முறை சுற்ற வேண்டும்.

எல்லாக் கார்களிலும் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இடது முன்சக்கரத்தின் கிரீஸ் மூடியிலிருந்து வருகிறது. அங்கே பின் டயரை அளந்து பயனில்லை. மூடிக்கு வெளியே கம்பி நுனியைப் பிடித்திருக்கும் சின்னப் பூட்டு ஊசி விழுந்துவிட்டால் முள் விட்டுவிட்டு இயங்கும்.

வந்த சுற்றும் கேட்கும் சுற்றும் 2 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். புது டயர் தேய்ந்து பழையதாவதற்குள் ஏறக்குறைய அவ்வளவு மாறிவிடும். அதற்கு மேல் இருந்தால் கியர் பாக்ஸில் கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனைப் பார்க்கலாம். அது கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால், 20 பல் உள்ள இடத்தில் 21 பல் போட்டால் கேபிள் ஏறக்குறைய 5 சதவீதம் மெதுவாகும். பல் கூடினால் வேகம் குறையும் என்பதைத் தலைகீழாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பினியன் கிடைக்காவிட்டால் கேபிளின் நடுவில் பொருத்தும் விகிதப் பெட்டி செய்து வாங்கலாம். மீட்டர் கேட்பது 1000, கார் தருவது 1080 என்றால், பெட்டியின் விகிதம் 1000-ஐ 1080-ஆல் வகுத்த 0.926. இந்த எண்ணை எண்ணிப் பார்த்த சுற்றிலிருந்தே எடுக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவிலிருந்து கணக்கிட்டால், பாரம் ஏறியதும் டயர் அமுங்குவது கணக்கில் வராது.

முள் ஆடினால் கேபிள்

குறைந்த வேகத்தில் முள் ஊஞ்சல் போல ஆடுவதும், அவ்வப்போது துள்ளுவதும் பெரும்பாலும் கேபிளின் வேலை. உள்கம்பி எங்கோ சிக்கி, முறுக்கேறி, பிறகு சட்டென்று விடுகிறது. கம்பியை உருவி எடுத்து, ‘யு’ வடிவில் இரு கைகளிலும் பிடித்து ஒரு நுனியை மெதுவாக உருட்ட வேண்டும். மறுநுனி சீராகக் கூடவே திரும்ப வேண்டும். ஓரிடத்தில் தயங்கி, பிறகு வெட்டித் திரும்பினால் கம்பியில் மடிப்பு விழுந்திருக்கிறது. மடிப்பை நிமிர்த்த முடியாது, புதுக் கம்பிதான்.

வெளியுறை எந்த இடத்திலும் 6 அங்குல ஆரத்தைவிடக் கூர்மையாக வளையக் கூடாது. இரு முனை நட்டுகளிலிருந்தும் 2 அங்குலம் நேராக வர வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் ரேடியோவுக்கும் வைப்பருக்கும் இடையில் கேபிளைத் திணிக்கும்போதுதான் இந்த 2 அங்குலம் பறிபோகிறது. மீட்டர் முனையில் உள்கம்பி உறைக்கு வெளியே சுமார் 10 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். அதைவிட அதிகம் நீண்டால் நட்டை இறுக்கும்போது கம்பி மீட்டரின் தண்டைப் பின்னிருந்து குத்தித் தள்ளும். காந்தம் கிண்ணத்தின் மேல் உரசும்.

கிரீஸ் இடும் முறையில்தான் நல்ல மீட்டர்கள் கெடுகின்றன. கம்பிக்கு மெல்லிசாகக் கிரீஸ் தடவிச் செருகி, மீட்டர் பக்க முனையில் சுமார் 8 அங்குலம் திரும்ப வெளியே இழுத்து, அந்த நீளத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மீண்டும் உள்ளே தள்ள வேண்டும். துடைக்காவிட்டால், சுழலும் கம்பியின் முறுக்கு திருகு போலக் கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுசேர்க்கும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே கிரீஸ் புகுந்தால் காந்தம் கிண்ணத்தை நேரடியாகப் பிடித்து இழுக்கும். முள் அளவுக்கு மேல் ஏறி நிற்கும், குளிரில் இன்னும் மோசமாகும்.

திறப்பது

வேலை தொடங்கும் முன் ஓடோமீட்டர் எண்ணைப் புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும். மூடும்போது அதே எண் இருக்க வேண்டும். அது காரின் ஆவணம்.

இன்னொரு எச்சரிக்கை. எண்களிலும் முள்ளிலும் பச்சை, பழுப்பு நிறத்தில் தடித்த ஒளிரும் பூச்சு இருக்கும் பழைய டயல்களில் ரேடியம் இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்பதால் பாதுகாப்பானது என்று நினைக்கக் கூடாது. ஒளிரும் வேதிப்பொருள்தான் செத்திருக்கும். ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. உதிர்ந்து தூளாகியிருந்தால் மூடிவைத்து, அதற்கான வசதி உள்ளவரிடம் ஒப்படைப்பதே முறை.

ஸ்மித்ஸ் மீட்டர்களின் முன்வளையம் உள்ளே சின்ன நாக்குகளால் பிடித்திருக்கும். நாக்குகள் உறையின் விளிம்பில் உள்ள வெட்டுகளுக்கு நேராக வரும்வரை வளையத்தைத் திருகினால் கழன்றுவரும். ரப்பர் காய்ந்து ஒட்டியிருந்தால் வெந்நீர் நனைத்த துணியைச் சுற்றிச் சூடாக்கித் திருக வேண்டும். துருநீக்கி எண்ணெய் அடித்தால் டயலில் ஊறிக் கறையாகும். வி.டி.ஓ. வளையம் பின்பக்கம் மடித்து நசுக்கப்பட்டது. மடிப்பைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு முறையும் அரை மி.மீ. என்று நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் குரோம் வெடிக்கும்.

கண்ணாடி வந்ததும், முள்ளைப் பிடுங்குவதற்கு முன், இந்த வேலை முழுவதிலும் மிகவும் பயனுள்ள ஓர் அளவை எடுக்க வேண்டும். முள் ஓய்வில் ஒரு சின்ன நிறுத்தக் குச்சியின் மேல் சாய்ந்திருக்கும். அது உண்மையான பூச்சியம் அல்ல. முள்ளை மெல்லத் தூக்கிக் குச்சியைத் தாண்டவிட்டு, ஸ்பிரிங் தானாக எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று டயலில் பென்சிலால் மெலிதாகக் குறிக்க வேண்டும். காந்த மீட்டரில் முள்ளின் கோணம் வேகத்துக்கு நேர்விகிதம். ஆகையால் டயலில் 20-க்கும் 40-க்கும் இடையே உள்ள கோணத்தை 20-இலிருந்து பின்னோக்கி வைத்தால் உண்மைப் பூச்சியம் கிடைக்கும். டயலில் அச்சிடாத இடமாக இருந்தாலும் சரி. பென்சில் குறியும் இந்த இடமும் ஒன்றாக இருந்தால் ஸ்பிரிங்கும் முள்ளும் தொழிற்சாலை வைத்தபடியே இருக்கின்றன. விலகியிருந்தால் யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

முள்ளைக் கழற்ற, டயலின் மேல் மெல்லிய அட்டையை வைத்து, முள்ளின் குமிழுக்கு இரு பக்கமும் இரண்டு சின்னக் கரண்டிகளை எதிரெதிராகச் செருகி ஒரே சமயத்தில் நெம்ப வேண்டும். முள்ளின் நுனியைப் பிடித்து இழுத்தால் அச்சு வளையும். வளைந்த அச்சைச் சரிசெய்வது மற்ற எல்லா வேலையையும்விடக் கடினம்.

சுத்தம்

மேசையில் இரும்புத்தூள் இருக்கக் கூடாது. காந்தமேறிய ஸ்குரூ டிரைவரை விலக்கிவைத்து, பித்தளை அல்லது பிளாஸ்டிக் சாமணத்தைப் பயன்படுத்த வேண்டும். நியோடிமியம் காந்தம் எதுவும் அறையிலேயே வேண்டாம். அது பழைய காந்தத்தை ஒரு தொடுதலில் மாற்றிவிடும்.

கிண்ணத்தின் உட்புறத்தையும் காந்தத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். ஆல்கஹால் டயலின் அச்செழுத்தைத் தொடக் கூடாது. ஹேர்ஸ்பிரிங்கைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த சுருள்கள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருந்தால் ஸ்பிரிங்கின் வேலைசெய்யும் நீளம் குறைந்து, விறைப்பு கூடி, முள் குறைவாகக் காட்டும். ஒரு துளி ஆல்கஹாலை விட்டு உலரவிட்டாலே பிரியும். காந்தத் தண்டின் புஷ்ஷில் பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தால் கரைத்தெடுத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு துளி, புஷ்ஷின் பின்னால் உள்ள கம்பளித் திண்டில் விட வேண்டும். குளிர்ந்த காலையில் மீட்டர் கீச்சிட்டது என்றால் வறண்டுபோன இந்தப் புஷ்தான் காரணம். கிண்ணத்தின் முனை அச்சுக்கு எண்ணெய் வேண்டியதில்லை, அல்லது ஊசி முனையில் தொட்ட அளவு போதும்.

காந்தத்தை ஒட்டி மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். வாஷர் என்று நினைத்து அதை எடுத்துவிடக் கூடாது. அலுமினியத்தின் மின்தடை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும், அதனால் வெயிலில் முள் குறைவாகக் காட்டும். இந்த நிக்கல்-இரும்புத் தகடு சூடேறும்போது தன் வழியாகக் காந்தப்புலத்தைக் குறைவாகக் கடத்தி, மீதியைக் கிண்ணத்துக்கு விட்டுக் கணக்கைச் சமன்செய்கிறது.

ட்ரில்லில் சோதனை

சதுரமாக அரத்தால் தேய்த்த கம்பித் துண்டு அல்லது பழைய கேபிளின் நுனியை ட்ரில்லில் பிடித்து மீட்டரின் தண்டில் செருகலாம். தண்டின் துளையை வெர்னியரால் அளந்து செய்ய வேண்டும், தளர்வாக இருந்தால் முள் நடுங்கும். பல மீட்டர்களுக்கு ட்ரில்லை ரிவர்ஸில் வைக்க வேண்டியிருக்கும். மெதுவாகத் தொடங்கி, முள் ஏறும் திசையைப் பார்த்து முடிவுசெய்யலாம். தவறான திசையில் நெடுநேரம் ஓட்டினால் ஓடோமீட்டர் பின்னோக்கிப் போகும். ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டர் காந்தத்தால் அல்ல, கடிகாரம் போல எண்ணி இயங்குவது. முள் படிப்படியாகத் தாவுவதால் அடையாளம் தெரியும். அதைப் பின்திசையில் ஓட்டவே கூடாது, இந்தப் பதிவில் உள்ள திருத்தங்களும் அதற்குப் பொருந்தா.

ட்ரில் சக்கில் ஒளிபிரதிபலிக்கும் பட்டை ஒட்டி, ஒளி டாக்கோமீட்டரால் சுற்றை அளக்க வேண்டும். மீட்டருக்கு 1.000 என்றால் 60 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று, 30-க்கு 500, 90-க்கு 1500. மைலுக்கு 1000 என்ற மீட்டருக்கும் 60 மைலுக்கு 1000 சுற்றுதான். வேறு எண்களுக்கு டயல் எண்ணால் (மைல் மீட்டரில் அதை 1000-ஆல் வகுத்து) இவற்றைப் பெருக்கிக்கொள்ளலாம்: 0.750 மீட்டருக்கு 60 கி.மீ.யில் 750.

இப்போது முள்ளைத் தற்காலிகமாக, பென்சில் குறியில் ஓயும்படி லேசாகச் செருகி, மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். எல்லா விடையும் இவற்றில் இருக்கிறது.

உண்மை 30, 60, 90. முள் 35, 65, 95 காட்டினால் பிழை எங்கும் ஒரே அளவு. இது முள் அமர்ந்த இடத்தின் அல்லது ஸ்பிரிங் முனை பிடித்திருக்கும் நெம்பின் பிழை. முள்ளை நகர்த்துவது இந்த ஒரு நிலையில்தான் நியாயம்.

முள் 27, 54, 81 காட்டினால் பிழை விகிதத்தில் இருக்கிறது. காந்தம் வலுவிழந்திருக்கிறது. இழுவிசை காந்தப்புலத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், புலம் 5 சதவீதம் குறைந்தாலே முள் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். இங்கே முள்ளை 6 தள்ளிக் குத்தினால் 60-இல் சரியாகவும், 30-இல் 33 ஆகவும், 90-இல் 87 ஆகவும் காட்டும். வேகம் கூடக்கூட அசலைவிடக் குறைத்துக் காட்டுவது ஆபத்தான பிழை.

முள் 30, 55, 74 என்று மேலே போகப்போகச் சோர்ந்தால், உராய்வு, வளைந்த அச்சு, ஸ்பிரிங் சுருள் உரசல் ஆகியவற்றில் ஒன்று. திரும்பச் சுத்தத்துக்கே போக வேண்டும். வேகத்தை ஏற்றும்போது ஓர் எண்ணும் இறக்கும்போது வேறு எண்ணும் வந்தாலும் உராய்வுதான்.

காந்தத்தைத் திருத்துவது

வலுவிழந்த காந்தத்தை மீண்டும் ஏற்ற, அந்தக் காந்தத்தின் வடிவத்துக்கேற்ற முனைகள் கொண்ட மின்காந்த ஏற்றி வேண்டும். மீட்டர் பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும். வீட்டில் காந்தங்களை அடுக்கி ஏற்ற முயன்றால் துருவங்கள் சாய்ந்து, முள் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிரும். இந்த ஒரு கட்டத்தை வெளியே கொடுத்துச் செய்வதே மேல்.

ஏற்றியபின் மீட்டர் தேவைக்கு அதிகமாகக் காட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலும் நிரம்ப ஏற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித்தான் அளவை வைத்தார்கள். இறக்குவதற்குக் கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் மாறுமின்னோட்டக் காந்தநீக்கி போதும். காந்தம் ட்ரில்லில் சுழன்றுகொண்டிருக்கும்போது, காந்தநீக்கியைத் தூரத்திலிருந்து நெருக்கி, உடனே விலக்கிக்கொண்டுபோய், தூரத்தில் நிறுத்த வேண்டும். பக்கத்தில் வைத்தே சுவிட்சை அணைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் 60-ஐப் படித்துப் பார்த்து, 1 அல்லது 2 எண் இறங்கும் தூரத்தைக் கண்டுபிடித்து அதிலேயே தொடர வேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை அதிகமாக இறக்கிவிட்டால் திரும்ப ஏற்றத்தான் வேண்டும்.

எங்கே நிறுத்துவது? ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதி, மீட்டர் ஒருபோதும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்றும், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. கூட்டிய அளவைத் தாண்டி அதிகம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த விதி பழைய கார்களுக்காக எழுதப்படவில்லை என்றாலும் இலக்காக வைத்துக்கொள்ள ஏற்றது. 60-க்கு 61, 62 காட்டும் இடத்தில் நிறுத்தினால் டயர் தேய்மானத்துக்கும் குளிர், வெயிலுக்கும் இடம் இருக்கும்.

மூடும் முன் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, காய்ந்த ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றி, முள்ளை அதன் குறியில் அழுத்தி, நிறுத்தக் குச்சியைத் தாண்டித் திரும்ப மேலே வைக்க வேண்டும். மறந்துபோய்க் குச்சிக்குக் கீழேயே விட்டு மூடிய மீட்டர்கள் ஏராளம். காரில் பொருத்தியதும் முதலில் எடுத்த அதே 10 கி.மீ., அதே மூன்று வேகங்கள். மீட்டரின் பின்புறம் ஒரு சீட்டில் தேதி, டயர் அளவு, எண்ணிய கேபிள் சுற்று, 30, 60, 90-இல் கிடைத்த எண்கள் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட்டால், அடுத்து டயர் மாற்றும்போது எதையும் திறக்காமலே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.